லண்டன் கால்பந்து கிளப் செல்சியின் முதல் சீசன், 1905-06: கேள்வி பதில்

கார்த்தி: அண்ணா, ஒரு மேட்ச்கூட ஆடாத கிளப்பை இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் நேராக இரண்டாம் டிவிஷனில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?

பதில்: மைதானத்துக்காகத்தான், தம்பி. மற்ற இடங்களில் டீம் முதலில் வரும், மைதானம் பிறகு வரும். இங்கே தலைகீழ். கஸ் மியர்ஸ் என்ற தொழிலதிபர் 1904-இல் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தை வாங்கி, ஃபுல்ஹாம் கிளப்பை அங்கே வந்து ஆடச் சொன்னார். வாடகை ஒத்துவராமல் அவர்கள் மறுத்துவிட்டார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நிலக்கரி போட்டுவைக்க அந்த இடத்தைக் கேட்டது. விற்றுவிடலாம் என்றிருந்தவரின் மனத்தை மாற்றியவர் ஃபிரெட் பார்க்கர் என்ற நண்பர். மியர்ஸின் நாய் பார்க்கரைக் கடித்ததாம். அவர் அதைப் பெரிதுபடுத்தாததைப் பார்த்துத்தான் மியர்ஸ் அவர் பேச்சைக் கேட்டாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

1905 மார்ச் 10-ஆம் தேதி, மைதானத்துக்கு எதிரே இருந்த ரைசிங் சன் பப்பில் கிளப் பிறந்தது. முதலில் ஸதர்ன் லீக்கில், அதாவது தென் இங்கிலாந்து கிளப்புகளின் தனி லீக்கில், கேட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த லண்டன் கிளப்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று ஃபுட்பால் லீக்கின் கதவைத் தட்டினார்கள். அப்போது லீக்கில் இருந்த ஒரே லண்டன் கிளப் வுல்விச் ஆர்சனல்தான். லண்டன் கூட்டத்தின் மேல் லீக்குக்கும் ஒரு கண் இருந்தது. மே 29-இல் சேர்த்துக்கொண்டார்கள்.

மீனா: கோல்கீப்பர் ரொம்பக் குண்டாக இருந்தாராமே, உண்மையா சார்?

பதில்: உண்மைதான். வில்லியம் ஃபோல்க், எடை சுமார் 140 கிலோ. ஆனால் வேடிக்கை காட்ட மட்டும் அவரை எடுத்துவந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்காக 1899, 1902 இரண்டு முறையும் எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) கோப்பை வென்றவர், இங்கிலாந்துக்கும் ஒரு மேட்ச் ஆடியவர். 50 பவுண்டுக்கு வாங்கி கேப்டனும் ஆக்கினார்கள். அதே 1905 பிப்ரவரியில்தான் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரருக்காக மிடில்ஸ்பரோ கிளப் 1,000 பவுண்ட் கொடுத்திருந்தது. இந்த 50 பவுண்டைக் கொள்ளை மலிவு என்றுதான் சொல்வேன்.

அந்தக் காலத்து விதியையும் மறந்துவிடக் கூடாது. கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். 1912-இல்தான் அது பெனால்டி ஏரியாவோடு நின்றது. அவ்வளவு பெரிய உருவம் பாதி மைதானம் வரை கையை வீசிக்கொண்டு வந்தால் ஃபார்வர்டுகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இர்ஃபான்: முதல் மேட்ச் ரிசல்ட்?

பதில்: தோல்வி. செப்டம்பர் 2, ஸ்டாக்போர்ட் கவுன்ட்டி ஊரில் 0-1. அடுத்த வாரம் பிளாக்பூலில் 1-0 வெற்றி. கோல் போட்டவர் ஜான் டெய்ட் ராபர்ட்சன். மேனேஜரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே. செப்டம்பர் 11-இல் சொந்த மைதானத்தில் முதல் லீக் மேட்ச். ஹல் சிட்டியை 5-1 என்று வெளுத்தார்கள். ஜிம்மி விண்ட்ரிட்ஜ் மட்டும் 3 கோல்.

சுரேஷ்: கிரிஸ்டல் பேலஸிடம் 1-7 என்று தோற்றது அந்த சீசனில்தானே? அவ்வளவு மோசமான டீமா?

பதில்: அன்று ஆடியது ரிசர்வ் டீம். 1905 நவம்பர் 18, ஒரே நாளில் இரண்டு மேட்ச்: பர்ன்லியுடன் லீக், பேலஸுடன் எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்று. முதல் டீமை லீக்குக்கு நிறுத்திவிட்டு மிச்ச ஆட்களைப் பேலஸுக்கு அனுப்பினார்கள். பேலஸும் அதே ஆண்டில் தொடங்கிய கிளப்தான். லீக்கில் இடம் கேட்டுக் கிடைக்காமல் ஸதர்ன் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கடுப்பையும் சேர்த்து 7 கோலாக இறக்கிவிட்டார்களோ என்னவோ! இதற்கு அப்புறம்தான் கோப்பை மேட்சுக்கு முழு பலத்தோடு வர வேண்டும் என்று எஃப்.ஏ. விதி போட்டது. என்னைக் கேட்டால் செல்சி செய்ததில் தப்பில்லை. பிரமோஷன் லீக்கில்தான் கிடைக்கும்.

கார்த்தி: அப்புறம் ஏன் பிரமோஷன் வரவில்லை?

பதில்: அப்போது முதல் டிவிஷனுக்கு மேலே போனது முதல் இரண்டு டீம்தான், செல்சி மூன்றாவது. 38 மேட்சில் 22 வெற்றி, 9 டிரா, 7 தோல்வி, 53 புள்ளி. அப்போது வெற்றிக்கு 2 புள்ளிதான். போட்ட கோல் 90, வாங்கியது 37. புது டீமுக்கு இது பிரமாதமான கணக்கு. ஆனால் பிரிஸ்டல் சிட்டி அந்த ஆண்டு இரண்டே இரண்டு மேட்ச் தோற்று 66 புள்ளி எடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட் 62. நடுவில் 9 புள்ளி இடைவெளி. துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது, அந்த இரண்டும் நிஜமாகவே மேலான டீம்கள்.

மீனா: கூட்டம் வந்ததா?

பதில்: கேட்கவே வேண்டாம். 1906 ஏப்ரல் 13, புனித வெள்ளி. மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 1-1 டிராவான மேட்சுக்கு 67,000 பேர். இரண்டாம் டிவிஷனில்! மியர்ஸ் போட்ட கணக்கு வீண்போகவில்லை.

இர்ஃபான்: அடுத்த சீசனில் ஃபோல்க் இருந்தாரா?

பதில்: இல்லை, பிராட்ஃபோர்ட் சிட்டிக்குப் போய்விட்டார். மேனேஜர் ராபர்ட்சனும் அந்த அடுத்த சீசன் முடியும்வரை தங்கவில்லை. ஆனால் ஜார்ஜ் ஹில்ஸ்டன் என்ற ஃபார்வர்டு வந்தார். முதல் மேட்சிலேயே கிளாசப்புக்கு எதிராக 5 கோல், ஸ்கோர் 9-2. அந்த ஆண்டு இரண்டாம் இடத்தோடு முதல் டிவிஷனுக்குப் போய்விட்டார்கள்.