பைஜாமாவில் வந்த பெண்

கேள்வி: 'ரூக்கரி நூக்' என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் பார்த்தேன். கேமரா ஏன் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: படம் 1930இல் வந்தது. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க அதைப் பெட்டிக்குள் அடைத்து வைத்த காலம். அப்புறம் எப்படி நகரும்? போதாக்குறைக்கு இது 1926 முதல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் 400 தடவைக்கு மேல் நடந்த, பென் டிராவர்ஸ் எழுதிய நாடகம். மேடையில் நடித்த டாம் வால்ஸே படத்தையும் இயக்கினார்.

எனக்கு அதில் குறையில்லை. மாற்றாந்தகப்பன் விரட்ட, பைஜாமாவோடு ஒரு பெண் புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறாள். அந்த மாப்பிள்ளையாக வரும், ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடி மாட்டிய ரால்ஃப் லின் திருதிருவென்று முழிப்பார். அடுத்த முறை பார்க்கும்போது ராபர்ட்சன் ஹேரை மட்டும் கவனியுங்கள். பெண்டாட்டிக்குப் பயந்த வழுக்கைத் தலையர். நான் அவருக்காகவே மூன்று தடவை பார்த்தேன்.