ஆண்கள் நீச்சலுக்கு ஜட்டி மாதிரி ஒரு உடை போடுகிறார்களே, அது ஏன்? அதற்கு ஏன் இத்தனை கேலிப் பெயர்கள்?

தண்ணீர் துணியைப் பிடித்து இழுக்கும். துணி குறைந்தால் இழுப்பும் குறையும். காரணம் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேலி விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் காசிமேட்டுக்காரன். லீவு நாட்களில் எங்கள் தெருப் பையன்களை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். காட்டன் டவுசரோடு குதிக்கிற பையனை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். முதலில் உள்ளே காற்று புகுந்து பின்பக்கம் பலூன் மாதிரி உப்பும். அடுத்து பாக்கெட் இரண்டும் வெளியே பிதுங்கித் தண்ணீரை அள்ளும். நாலு வீச்சு போடுவதற்குள் நாடா தளர்ந்து டவுசர் இறங்க ஆரம்பிக்கும். ஒரு கை டவுசரைப் பிடிக்கப் போய்விடும், மிச்சம் இருப்பது ஒரே கை. அதை வைத்துக்கொண்டு அவன் எங்கே நீச்சல் கற்பது? போதாததற்கு காட்டன் துணியின் நூல் பிசிறு குளத்து ஃபில்டரில் போய் அடைக்கும், சாயமும் போகும். பல குளங்களில் நைலான் அல்லது லைக்ரா உடை கட்டாயம் என்று போர்டு வைத்திருப்பது இதனால்தான். பிரான்சில் பொதுக் குளங்களில் தொளதொள ஷார்ட்ஸை உள்ளேயே விடமாட்டார்கள். தெருவில் போட்டுத் திரிந்த அழுக்கு அப்படியே தண்ணீருக்குள் வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இந்த உடையைப் பிரபலமாக்கியது ஆஸ்திரேலியா. சிட்னியில் 1914-ல் தொடங்கிய ஒரு பின்னலாடைக் கம்பெனிதான் பின்னாளில் ஸ்பீடோ ஆனது. 1960 வாக்கில் பீட்டர் டிராவிஸ் என்ற வடிவமைப்பாளர், இடுப்பைச் சுற்றி உயரமாக ஏறி நிற்காமல், கீழே இடுப்பெலும்பில் உட்கார்கிற மாதிரி இதை வரைந்தார். காலும் இடுப்பும் தடையில்லாமல் அசைய வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. 1961-ல் போண்டி கடற்கரையில் இதைப் போட்டுக்கொண்டு வந்த ஆண்களை ஆபாசம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு நிற்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் இதே மாதிரி சின்ன உடையில்தான் 7 தங்கம் வென்றார், ஏழிலும் உலக சாதனை. அதற்கப்புறம் உலகம் முழுக்க நீச்சல்காரன் என்றால் இந்த உடைதான் என்று ஆகிப்போனது. கம்பெனிப் பெயரே உடைக்கும் பெயராகிவிட்டது.

கேலிப் பெயர்களில் முதலிடம் ஆஸ்திரேலியர்களின் ‘பட்ஜி ஸ்மக்லர்’ என்பதற்கு. பட்ஜி என்பது நம் பிராட்வே பக்கம் கூண்டில் வைத்து லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்தக் குருவிதான். அதை உள்ளே ஒளித்துக் கடத்துகிறவன் என்று அர்த்தம். அமெரிக்கர்கள் ‘பனானா ஹாமக்’ என்பார்கள், வாழைப்பழத் தூளி. ஆஸ்திரேலியாவின் பிரதமராக இருந்த டோனி அபாட் கடற்கரைக்கு இதைப் போட்டுக்கொண்டு போனதற்கே வருஷக்கணக்கில் கிண்டல் வாங்கினார். பிரேசிலில் பக்கவாட்டில் கொஞ்சம் அகலமாக, ‘சுங்கா’ என்ற பெயரில், கடற்கரையில் சாதாரணமாகப் போடுகிறார்கள். இடம் பொருள் ஏவல் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. 2016-ல் மலேசியாவின் செபாங் கார் பந்தயத்தில் 9 ஆஸ்திரேலிய இளைஞர்கள் மலேசியக் கொடி அச்சடித்த ஜட்டியோடு நின்று சில நாள் காவலில் இருந்தார்கள். அது தேவையில்லாத வேலை. நீந்துகிற இடத்தில் நீந்துகிற உடை, அதைத்தான் நான் சொல்கிறேன்.

நம்ம பக்கம் கடையில் ட்ரங்க்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பையன்கள் வாயில் அது ஜட்டி, கோமணம், லங்கோடு. இந்தக் கடைசி இரண்டும் எப்படிக் கேலியாகின என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் வலை இழுத்தவர்கள், கட்டுமரம் தள்ளியவர்கள் எல்லாம் அரணாக்கயிற்றில் ஒரு முழத் துணியைக் கோமணமாகக் கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார்கள். அலையில் நிற்கும்போது காலைச் சுற்றித் துணி தட்டக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். கசரத் பண்ணின பயில்வான்கள் லங்கோடு கட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கவில்லை. அந்தப் பரம்பரைப் பையன் இப்போது உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “அண்ணா, இத்த போட்டுகினு வெளிய வரமாட்டேன்ணா, பசங்க ஓட்டுவானுங்க” என்கிறான். இப்படிக் கூச்சப்பட்டே நீச்சல் வகுப்பை விட்டுப்போன பையன்கள் இருக்கிறார்கள். கடலோரத்தில் வளர்கிற பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. அதனால் குளக்கரையில் யார் ஓட்டினாலும் நான் அங்கேயே கண்டிப்பேன்.

வற்புறுத்தவும் வேண்டாம். இப்போது போட்டிகளிலேயே பெரும்பாலானவர்கள் முட்டி வரைக்கும் வருகிற ஜாம்மர்தான் போடுகிறார்கள். 2008, 2009-ல் முழு உடம்பையும் மூடுகிற, பாலியுரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பொருளில் செய்த உடைகளால் சாதனைகள் சரமாரியாக உடைந்ததும், ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலும் முட்டிக்குக் கீழும் போகக் கூடாது என்று 2010 முதல் விதி வந்தது. டைவிங், வாட்டர் போலோ ஆடுகிறவர்கள் மட்டும் இன்னும் சின்ன உடையை விடவில்லை. ஆகவே கூச்சப்படுகிற பையனுக்கு ஜாம்மர் வாங்கிக் கொடுங்கள், வேலை நடக்கும்.

எது வாங்கினாலும் நேரு ஸ்டேடியம் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகளில் கையில் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். போடும்போது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், நனைந்தால் தளரும். உள்ளே நாடா இருக்க வேண்டும், முன்பக்கம் லைனிங் இருக்க வேண்டும். தினமும் குளத்துக்குப் போகிறவர்களுக்கு லைக்ரா சீக்கிரம் தொய்ந்துவிடும், குளோரின் அதை அரிக்கும். பாலியஸ்டர் அதிக நாள் உழைக்கும். குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள்.