ஒளிரும் கார்பன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிட்ரிக் அமிலம், எத்திலீன்டைஅமீன் இரண்டையும் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்துக் கார்பன் புள்ளிகள் (ஒளிரும் கார்பன் நானோதுகள்கள்) தயாரித்தேன். புற ஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. டயாலிசிஸ் செய்ததும் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் இட்டுத் தண்ணீரில் வைத்ததும்) பைக்குள் ஒளி மங்கி, வெளித் தண்ணீர் ஒளிர்கிறது. எங்கே பிசகியது?

பதில்: எங்கும் பிசகவில்லை. வெளியேறியதில் பெரும்பகுதி கார்பன் புள்ளியே அல்ல. இந்த இரண்டும் வினைபுரியும்போது ஐ.பி.சி.ஏ. என்ற சிறு மூலக்கூறும் உருவாகிறது. அதன் எடை சுமார் 180 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). சுமார் 1000 டால்டனுக்கு மேற்பட்டவற்றை மட்டும் பிடித்துவைக்கும் பை அதை நிறுத்தாது. நீல ஒளியில் பெரும்பங்கு அதனுடையதுதான். டயாலிசிஸ் செய்யாமலே “80 சதவீத ஒளிர்வுத்திறன்” (உறிஞ்சிய ஒளியில் திரும்ப உமிழும் பங்கு) என்று எழுதப்படும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

கரைசலை முதலில் 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். பிறகு சுமார் 48 மணி நேர டயாலிசிஸ். மாற்றும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் 365 நானோமீட்டர் விளக்கில் பாருங்கள். அது ஒளிராமல் போகும்வரை நிறுத்த வேண்டாம், கடிகாரத்தை நம்ப வேண்டாம். பையில் மிஞ்சியதை மட்டும் அளவிடுங்கள். கிளர்வு அலைநீளத்தில் (ஒளிரவைக்கப் பாய்ச்சும் ஒளியின் அலைநீளத்தில்) உட்கவர்ச்சி, அதாவது ஒளியை உறிஞ்சும் அளவு, 0.1-க்குக் கீழே இருக்கும்படி நீர்க்கச் செய்யுங்கள். அடர்த்தியான கரைசல் தன் ஒளியைத் தானே விழுங்கிக் கணக்கைக் கெடுக்கும். ஒப்பீட்டுக்கு, கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்பேட் (ஒளிர்வுத்திறன் 54 சதவீதம்) போதும்.

ஆட்டோகிளேவின் டெஃப்லான் குடுவையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தானாக ஆறும்வரை திறக்கவும் கூடாது, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் கூடாது.

கேள்வி: கார்பன் நானோபொருள் கரைசல் ஒன்று 808 நானோமீட்டர் லேசரில் 10 நிமிடத்தில் 60 டிகிரி எட்டியது என்கிறார்கள். அப்படியானால் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் புற்றுநோய் சிகிச்சைக்குத் தயாரா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லேசரின் வலிமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்று முதலில் தேடுங்கள். இந்த அலைநீளத்தில் தோலுக்கு அனுமதிக்கப்படும் அளவு சுமார் 0.33 வாட், பல ஆய்வுகள் 1 முதல் 2 வாட் வரை பாய்ச்சுகின்றன. அதே அளவு வெறும் தண்ணீர் எவ்வளவு சூடானது என்பதும் கட்டுரையில் இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் வெப்பம் அங்கேயே தங்கும். உடலில் ரத்த ஓட்டம் அதை அள்ளிக்கொண்டு போகும். உங்கள் நீலப் புள்ளிகளோ 808-இல் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இந்த வேலைக்கு ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜன் குறைக்கப்பட்ட) கிராஃபீன் ஆக்சைடு, கார்பன் நானோகுழாய் போன்றவையே பொருத்தம்.

கேள்வி: கார்பன் ஒளிவினையூக்கியில் (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருளில்) ஹைட்ரஜன் கிடைத்தது, கரைசலில் டிரைஎத்தனாலமீன் இருந்தது. இதை நீர்ப்பிளப்பு எனலாமா?

பதில்: கூடாது. டிரைஎத்தனாலமீன் எலக்ட்ரான் கொடுத்துத் தானே சிதைகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில் வந்தால்தான் நீர் பிளந்தது. விளக்கை அணைத்தும் ஒரு முறை வாயுவை அளந்து பாருங்கள்; அப்போதும் வந்தால் அது ஒளியால் வந்ததல்ல.