வீடு திரும்பிய முதல் வாரம்

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். மூன்று வாரம் வார்டில் இருந்துவிட்டு நேற்றுதான் வீட்டுக்கு வந்தான். சுத்தமான கட்டடம், பெரிய படிப்புப் படித்த டாக்டர். ஆனாலும் சிகிச்சை தரமானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சர்க்கரை நோய் என்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இதற்கு என்ன அளவுகோல்? — ஓர் அக்கா

பதில்: மனநல வார்டில் 30 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். தப்பாக அளந்தவளும் கூட. ஒரு பையன் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனான். பதிவேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். மூன்றாவது வாரமே திரும்பி வந்தான். அது புதுச் சேர்க்கை. அப்புறம் மறுபடியும் 'முன்னேற்றம்'. ஏட்டில் எங்களுக்கு இரண்டு வெற்றி. அவன் அம்மாவுக்கு?

அவேதிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966-இலேயே தரத்தை மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னார்: இருக்கிற வசதி, நடக்கிற சிகிச்சை, கிடைக்கிற பலன். கட்டடமும் படிப்பும் முதலாவதோடு சரி.

இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் தற்கொலை அபாயம் மிக அதிகம். அதனால்தான் அமெரிக்காவில், வீட்டுக்குப் போன நோயாளியை 7 நாளுக்குள் மனநல சிகிச்சை தருபவர் யாராவது பார்த்தார்களா என்று எண்ணுகிறார்கள். இன்னொன்று, இந்த நோய்க்கான சில மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். தம்பியை எடை பார்த்தார்களா, ரத்தம் எடுத்தார்களா? நீங்கள் சொன்ன அந்த ரத்தப் பரிசோதனை இங்கேயும் வேண்டியதுதான்!

பலனை அளப்பதுதான் சிக்கல். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. மொத்தம் 27 மதிப்பெண். குறையக் குறைய நல்லது. உபயோகமானதுதான், ஆனால் எல்லாம் அதில் அடங்காது. எங்கள் படிவத்தில் 'குரல் கேட்கிறதா' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு பெண் சொன்னார்: "குரல் கேட்டால் கேட்டுட்டுப் போகட்டும் சிஸ்டர், என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படாம இருந்தா போதும்." அதை எழுத எங்களிடம் கட்டம் இல்லை.

தம்பியிடம் கேளுங்கள். மருந்து எதற்கு என்று அவனுக்குச் சொன்னார்களா? கட்டிவைத்தார்களா? அவன் எதைக் குணமானது என்று நினைக்கிறான்? இதையெல்லாம் அவனிடமே கேட்டால்தான் தெரியும்.

இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் அந்த 7 நாள் தாண்டியிருக்கும். அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லையென்றால், இன்றே நீங்கள் போன் செய்து நாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.