தாத்தாவைத் தேடி சாங்கிக்குப் போகும் முன்

கேள்வி: என் தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டார். பிறகு கடிதமே வரவில்லை. சாங்கி சிறைக்குப் போனால் ஏதாவது தெரியுமா?

பதில்: போய்ப் பாருங்கள், ஆனால் தேடலை அங்கே தொடங்காதீர்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்ததும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களைத்தான் சாங்கிப் பகுதிக்கு நடத்திப் போனார்கள். இந்தியச் சிப்பாய்களை 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் தனியாகத் திரட்டி, பிடாதரி, நீ சூன் போன்ற முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பழைய சிறையும் இப்போது இல்லை. 2004இல் இடித்துவிட்டார்கள். வாயிலும், மதிலில் ஒரு துண்டும், இரண்டு காவல் கோபுரங்களுமே மிச்சம். பின்னால் இன்றும் சிறை நடக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். கைதிகளின் வாழ்க்கையை அறிய அருகிலுள்ள சாங்கி அருங்காட்சியகம் போதும்.

முதலில் வீட்டுப் பெட்டியைத் துழாவுங்கள். பென்ஷன் தாள், பதக்கம், பழைய கவர், எதிலாவது அவருடைய படை எண்ணும் ரெஜிமென்ட்டும் இருக்கும். பெயரைவிட எண்தான் முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் எத்தனையோ சிப்பாய்கள். அப்புறம், போரில் இறந்த வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். இலவசம்தான். உதாரணத்துக்கு, முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. ஆனால் திருச்சி ‘டிரிச்சினாபோலி’ என்றும் திருநெல்வேலி ‘டின்னவேலி’ என்றும் இருக்கும்.

பெயர் கிடைத்தால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி நினைவுச்சின்னத்தின் தூண்களில் ரெஜிமென்ட் வாரியாக உள்ளன. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவிடம் உண்டு. எம்ஆர்டி எனும் சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். இந்தியக் கைதிகள் பலரை ஜப்பானியர் நியூ கினியா, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் இறந்தவர்கள் பலர் நியூ கினியாவில் லே என்ற ஊரிலும், நியூ பிரிட்டனில் ரபவுல் அருகே பீட்டா பாக்காவிலும் உறங்குகிறார்கள். அதனால் பதிவைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

பெயரே வரவில்லையா? மனம் தளர வேண்டாம். அவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படையின் கோப்புகள் இருக்கின்றன. மதராஸ் சாப்பராக (ராணுவப் பொறியியல் படையின் சிப்பாயாக) இருந்தவர் என்றால் பெங்களூரில் உள்ள அந்தப் படையின் மையத்துக்குப் படை எண்ணுடன் எழுதுங்கள்.

வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால், தாத்தா கடைசியாக எந்த ஊரிலிருந்து எழுதினார் என்று இன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.