ஐந்து மாதம் தொடாமல் இருந்தேன், ஒரு நாள் குடித்துவிட்டேன்: எல்லாம் போச்சா?

கேள்வி: எனக்கு வயது 43. பல வருடக் குடி, கடைசியில் தினமும். மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்தினேன். நிறுத்திய இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. போன சனிக்கிழமை உடன் வேலை பார்த்தவருக்கு வழியனுப்பு விருந்து. முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன், மூன்று பெக் ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் கொடுத்த டைசல்பிரம் மாத்திரை (அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது), வேலை நெருக்கடியில் மூன்று வாரம் முன்பே மறந்துபோய் நின்றுவிட்டது. குடியை விட்டவர்கள் கூடும் வாரக் கூட்டத்துக்கும் இரண்டு முறை போகவில்லை. இவ்வளவு நாள் இருந்ததெல்லாம் வீணா? மனைவியிடம் சொல்லத்தான் வேண்டுமா? மாத்திரையை நானே மறுபடி தொடங்கலாமா? மூன்றோடு நிறுத்த முடிந்ததே, இனி அளவாகக் குடிக்க முடியுமோ என்றும் ஒரு எண்ணம் வந்து போகிறது.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு குடிக்கும் முதல் நாளில் பலரும் இரண்டு, மூன்றோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பயம் புதிதாக இருக்கும், சுற்றி ஆட்கள் இருப்பார்கள், உடம்பும் பழைய அளவைத் தாங்காது. அதைக் கட்டுப்பாடு என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல். அடுத்த முறை பயம் பாதியாகிவிடும், அதற்கடுத்த முறை ஆட்களும் தேவைப்படாது. நிறுத்தினால் வலிப்பு வருகிற அளவுக்கு மூளை குடிக்குப் பழகிவிட்ட ஒருவர், பிறகு அளவாகக் குடித்து வாழ்வது அபூர்வம். நீங்கள் அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

சரி, ஐந்து மாதம் வீணா? இல்லை. மருத்துவக் கணக்கில் மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரையிலான காலத்தை மீட்சியின் தொடக்கக் கட்டம் என்றுதான் வகுத்திருக்கிறார்கள். சறுக்கல் நடக்கக்கூடிய காலம்தான் அது. குடியால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, குடி நின்ற சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். ஐந்து மாதத்தில் உடம்பு சம்பாதித்ததை ஒரு மாலை திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடாது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: முன்பு தாங்கிய அளவை இப்போது உங்கள் உடம்பு தாங்காது. மறுபடி குடிக்க ஆரம்பிப்பவர்கள் பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டு ஆபத்தில் மாட்டுவது இதனால்தான்.

சறுக்கலை விட அதற்கு மறுநாள் மனம் சொல்லும் கதை பெரிய கேடு. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை விரிவாக எழுதினார். இனித் தொடவே மாட்டேன் என்று உறுதி எடுத்தவர் ஒரு முறை தொட்டுவிட்டால், 'நான் அவ்வளவுதான், நமக்கெல்லாம் இது முடியாது' என்று தன்னையே தீர்த்துக்கட்டிக்கொள்கிறார். அந்தக் குற்ற உணர்வைத் தாங்க முடியாமல் மறுபடி குடிக்கிறார். ஒரு மாலைச் சறுக்கல் ஒரு மாதக் குடியாக நீள்வது பெரும்பாலும் இப்படித்தான். நீங்கள் மறுநாளே நிறுத்தியிருக்கிறீர்கள், அதைக் குறைத்து எண்ண வேண்டாம்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தொடங்கிய கதை தெரியுமா? 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில், பின்னால் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் நின்றுகொண்டிருக்கிறார். குடியை விட்டு ஏறக்குறைய ஐந்து மாதம், உங்களைப் போலவே. வந்த வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. ஒரு பக்கம் பார், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். ஆனால் அந்த டாக்டரே சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று ஜூன் 10-ஐச் சொல்கிறார்கள். அதைத்தான் அந்த அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. ஒரு சறுக்கல் முடிந்த நாள் அது.

அடுத்தது உடம்பு. நீங்கள் எழுதியபடி ஒரே ஒரு மாலைதான் என்றால், கை நடுக்கமோ வலிப்போ வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கடிதங்களில் குடித்த நாள்களின் எண்ணிக்கை கொஞ்சம் சுருங்கித்தான் வரும் என்பது என் அனுபவம், அதனால் சொல்லிவைக்கிறேன். தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, இடம் காலம் தெரியாமல் உளறுவது போன்ற கடுமையான குழப்பம் இரண்டு முதல் நான்கு நாளில் வரும், அது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை குடித்து நிறுத்தும்போதும் இந்தத் தொந்தரவுகள் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு இது வெறும் எச்சரிக்கை இல்லை. மருத்துவமனையில் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு, தயமின் என்ற பி1 வைட்டமினும் ஊசியாகப் போடுவார்கள். அது குறைந்தால் மூளையில் நிரந்தர மறதி வரை போகலாம்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். எப்போது குடித்தீர்கள் என்று கேட்டால் விருந்தில் என்பீர்கள். உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்று வாரம் முன்பு மாத்திரை நின்றது. இரண்டு முறை கூட்டம் தவறியது. பிறகு விருந்துக்கு ஒப்புக்கொண்டது. டைசல்பிரத்தின் வேலை, கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும். மாத்திரை கொடுத்த டாக்டர் உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார். விருந்து மூன்றாவது வாரத்தில். மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் குடியிலிருந்து மீள்பவர்களின் மறதி பல சமயம் மிகச் சரியாகக் கணக்குப் போட்டு மறக்கும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. சறுக்கல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தானே அங்கேயே பிடிக்க முடியும்?

விருந்துக்குள்ளும் இப்படித்தான் நடந்திருக்கும். வீட்டில் 'எட்டு மணிக்குள் வந்துவிடுவேன்' என்று சொல்லியிருப்பீர்கள். திரும்பி வர சொந்த வண்டி இல்லாமல் யாரோடாவது சேர்ந்து போயிருப்பீர்கள். வெறும் சோடாவோடு உட்கார்ந்திருப்பீர்கள், அந்தக் கோப்பையும் மற்றவர்களுடையது போலவே இருந்திருக்கும். யாரோ 'உனக்கு?' என்று கேட்டபோது 'வேண்டாம்' என்று சொல்லாமல் சிரித்து வைத்திருப்பீர்கள். நான் ஊகித்து எழுதுகிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு தாளில் அந்த மூன்று வாரத்தையும் நாள் நாளாக எழுதிப் பாருங்கள்: தூக்கம் எப்படி, யாரோடு சண்டை, எதைத் தள்ளிப்போட்டீர்கள், குடிப்பது பற்றி முதல் நினைப்பு எப்போது வந்தது. தூக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். குடியை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் தூக்கம் கெட்டுக்கிடப்பது சகஜம், பலரை மறுபடி கோப்பைக்கு இழுத்துப் போவது அதுதான். அதற்காகக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடத் தொடங்கிவிடாதீர்கள், பழகிவிடும்.

மாத்திரையை நீங்களே தொடங்க வேண்டாம். மது உடம்புக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை உடைத்து வெளியேற்றும் நொதியை டைசல்பிரம் முடக்கிவிடும். அந்த நிலையில் குடித்தால் முகம் சிவக்கும், தலை வெடிப்பது போல வலிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிர் போகும் ஆபத்தும் உண்டு. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே இதைப் போடலாம். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது என்றாலும், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் மறுபடி எழுதிக் கொடுக்கட்டும். மது கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். இது வேறு வீடுகளுக்கும் சேர்த்து: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் இதைக் கலந்து கொடுக்கவே கூடாது. அவர் தெரியாமல் வெளியே குடித்துவிட்டு வந்தால் உயிருக்கு ஆபத்து.

டைசல்பிரம் ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்தும் இருக்கிறது. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் சுகத்தை மங்கச் செய்யும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் அடிக்கடி எழும் ஏக்கத்தைத் தணிக்கும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார்கள். எது உங்களுக்கு என்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் நின்ற கதையை மட்டும் மறைக்காதீர்கள்.

மனைவி. சொல்லிவிடுங்கள். ஒழுக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. டைசல்பிரம் நன்றாக வேலை செய்வது, தினமும் காலையில் இன்னொருவர் கண் முன்னால் விழுங்கும்போதுதான். உங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அவராகத்தான் இருக்க முடியும். ஒளித்து வைத்தால் ஒன்றோடு முடியாது. கூட்டத்துக்கு ஏன் போகவில்லை, டாக்டரை ஏன் திடீரென்று பார்க்க வேண்டும், சனிக்கிழமை ஏன் தாமதம் என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு பொய் வேண்டும். கடைசியில் அந்தப் பொய்களின் பாரம் தாங்காமலே குடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்படிச் சொல்வது? பகலில், வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், நான்கு வாக்கியம் போதும். 'சனிக்கிழமை விருந்தில் குடித்துவிட்டேன். மூன்று பெக். அதற்குப் பிறகு தொடவில்லை. டாக்டரிடம் போகப் போகிறேன், நீயும் வா.' அவ்வளவுதான். இனிமேல் சத்தியமாக மாட்டேன் என்று தலையில் அடித்துச் சொல்ல வேண்டாம், அதை அவர் ஏற்கெனவே எத்தனை முறை கேட்டிருப்பார். அவர் அழலாம், கத்தலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம், உங்கள் பையைத் துழாவலாம். 'உண்மையைச் சொன்னேனே, அதற்கும் கோபமா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கும் பேச ஆள் வேண்டும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் பல நாடுகளில் நடக்கின்றன.

இந்த வெட்கத்தில் 'நான் இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், அதை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடமோ மனைவியிடமோ. குடித்த மறுநாள்களில் இந்த நினைப்பு செயலாக மாறும் ஆபத்து அதிகம். காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

அப்புறம், அடுத்து ஒரு சனிக்கிழமை வரும். குடிக்கும் ஆசை எழுந்தால், அது ஏறிக்கொண்டேதான் போகும் என்று தோன்றும். உண்மையில் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எழுந்து இடத்தை மாற்றுங்கள், எதையாவது சாப்பிடுங்கள் (பசியும் ஆசையும் ஒன்றாகவே வேடம் போடும்), ஒருவருக்குப் போன் செய்யுங்கள். யாருக்கு என்பதை அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது, இப்போதே இரண்டு பெயர் குறித்து வையுங்கள். இன்னும் சில மாதத்துக்கு விருந்துகளைத் தவிருங்கள். தவிர்க்கவே முடியாதது என்றால் குடிக்காத ஒருவரோடு போங்கள், திரும்பும் வண்டி உங்கள் கையில் இருக்கட்டும், கேட்பவருக்குச் சொல்லும் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். 'மருந்து சாப்பிடுகிறேன், ஆகாது' என்பது போதும். அது உண்மையும்கூட.

கடைசியாக ஒன்று, நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் 'முதலிலிருந்தா' என்ற கவலை தெரிகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் முதல் நாள், கூட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். டாக்டரின் கோப்பில் ஐந்து மாதத்தில் ஒரு நாள் குடி என்று எழுதுவார்கள். இரண்டும் சரிதான், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி முதல் நாள் என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலர் கூட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஸ்பான்சர் (கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்தவர்) இருந்தால் அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் சொல்வது பாதி சுலபமாகிவிடும். உங்கள் கூட்டம் எந்தக் கிழமையோ, இந்த வாரம் அந்த மாலைக்கு வேறு எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.