சீருடை போட வேண்டுமா, டீச்சர்?

ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத்தினர் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சராக இருந்த கதையை இரண்டு மாதம் முன்பு இந்தப் பகுதியில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் கொட்டிவிட்டன. மற்றவர்களின் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை முடித்துவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. திருச்சியில் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தேன். டெக்சஸில் லைசென்ஸ் வாங்கி ஆறு வருடமாக நடுநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கணவர் வேலை விஷயமாக அதிக நாள் இந்தியாவில் இருந்துவிட்டதால் அவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். இரண்டு பிள்ளைகள். இத்தாலி அல்லது ஜெர்மனியில் உள்ள ராணுவப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆசை. கிடைக்குமா? கணவரின் கிரீன் கார்டு என்னாகும்? சீருடை, அணிவகுப்பு எல்லாம் உண்டா? (ஆர்.வி., பிளேனோ)

பதில்: சீருடை கிடையாது. ராணுவப் பள்ளி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளி ஞாபகம் வந்துவிடுகிறது. இது அது இல்லை. அப்பாவோ அம்மாவோ ராணுவத்தில் இருப்பார். பிள்ளை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு முதுகில் பையோடு சாதாரணமாகப் பள்ளிக்கு வரும். ஆசிரியர்கள் சிவில் ஊழியர்கள்தான். போர் முடிந்து ஜெர்மனியில் தங்கிய படையினரோடு குடும்பங்களும் வந்து சேர்ந்தபோது, 1946-ல் ஆரம்பித்த பள்ளிகள் இவை. இப்போது இவற்றை நடத்துவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கல்வி அமைப்பு, டோடியா (DoDEA) என்றுதான் எல்லோரும் சொல்வோம். தலைமையகம் வர்ஜீனியாவில், அலெக்சாண்ட்ரியாவில் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருப்பதையும் சேர்த்தால் சுமார் 160 பள்ளிகள். இவை இருக்கும் வெளிநாடுகள் மட்டும் 11.

தரம் எப்படியோ என்று பிளேனோ பள்ளியை விட்டுவர யோசிப்பீர்கள். 2022, 2024 இரண்டு தேசியத் தேர்வுகளிலும் நாலாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும், கணக்கிலும் வாசிப்பிலும், இந்தப் பிள்ளைகள் எல்லா மாநிலங்களையும் முந்தியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் அங்கேயே கட்டணமில்லாமல் படிக்கலாம். ஆனால் அமெரிக்காவிலிருந்தே உங்களை நியமித்து, பயணச் செலவு ஒப்பந்தத்தோடு அனுப்பியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், எப்படியும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொந்தச் செலவில் ஜெர்மனிக்கு வந்து, அங்கிருந்து விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது, வீட்டு வாடகைப் படி கிடைக்கவில்லை. பக்கத்து வகுப்பறையில் அதே பாடத்தை நடத்திய எனக்கு வாடகை வந்தது, சாமான்களைக் கப்பலில் அனுப்பினார்கள், ஒரு காரும் வந்து சேர்ந்தது. அவர் எல்லாவற்றையும் சம்பளத்திலேயே பார்த்துக்கொண்டார். அங்கேயே ஆள் எடுப்பது என்றால் படைவீரர்களின் மனைவி அல்லது கணவருக்கு முன்னுரிமை வேறு உண்டு.

வேலை கிடைக்குமா என்றால், கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் "இத்தாலி அல்லது ஜெர்மனி" என்று எழுதினீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இத்தாலியில் விச்சென்சாவிலும் நேப்பிள்ஸிலும் ஓர் இடம் காலியானால், ஏற்கெனவே டோடியாவில் இருப்பவர்கள் மாற்றல் கேட்டு வரிசையில் நிற்பார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு மிஞ்சுவது ஜப்பானின் தெற்கே ஒகினாவா தீவு, கொரியா, பஹ்ரைன், ஜப்பானின் வடக்கே பனி கொட்டுகிற மிசாவா. "எங்கே வேண்டுமானாலும்" என்று குறிப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். உள்ளே போய்விட்டால் அப்புறம் நீங்களும் மாற்றல் வரிசையில் நிற்கலாம். ஒப்பந்தம் இடத்தைப் பொறுத்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கும். பிடிக்கவில்லை என்று நடுவில் கிளம்பினால் செலவு உங்கள் தலையில் விழும்.

இனி காகிதம். என்னை ஐந்து மாதம் அலைய விட்டது இதுதான். சர்டிபிகேட்டில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அமெரிக்கக் காகிதங்களில் கணவர் பெயர் வந்து உட்கார்ந்தது. மூன்றும் ஒரே பெண் என்று நம் ஊரில் டீக்கடைக்காரர் கூட ஒத்துக்கொள்வார். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்கு மூன்றும் மூன்று பேர். போதாததற்கு, நான் படித்த பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டை முத்திரையிட்ட உறையில் பத்திரமாக அனுப்பியது, பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு. அம்மா ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு அல்ஜீப்ராவில் இவ்வளவுதான் மார்க்கா?" என்று போன் செய்தார். பிரித்த உறை செல்லாது. மறுபடி முதலிலிருந்து.

டெக்சஸ் லைசென்ஸுக்காக நீங்கள் செய்த மதிப்பீடு பாடவாரியாக இருக்கிறதா, வெறும் "இளங்கலைக்குச் சமம்" என்று ஒரு வரியோடு நிற்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் என்றுதான் அங்கே எண்ணுவார்கள். நம் மூன்று வருட பி.எஸ்சி.யைத் தனியாக வைத்தால் குறைவாகத் தெரியும். பி.எட்.டையும் சேர்த்தே மதிப்பிடச் சொல்லுங்கள்.

கணவர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது, பலருக்கும் இது தெரியாது. குடியுரிமைச் சட்டத்தின் 319-பி பிரிவு என்று ஒன்று உண்டு. அமெரிக்க அரசு வேலையாகக் குறைந்தது ஒரு வருடம் வெளிநாட்டில் பணியமர்த்தப்படும் குடிமகளின் கணவர், கிரீன் கார்டு வைத்திருந்தால், அமெரிக்காவில் வசித்த வழக்கமான மூன்று வருட, ஐந்து வருடக் கணக்கு பார்க்காமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உங்களோடு வெளிநாட்டில் வசிப்பேன், உங்கள் பணி முடிந்ததும் அமெரிக்கா திரும்புவேன் என்ற எண்ணம் அவருக்கு இருக்க வேண்டும். உறுதிமொழி எடுக்க அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். உங்கள் பணி ஆணை கைக்கு வந்த அன்றே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் கணவருடைய வேலை வேறு விஷயம். ஜெர்மனியில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பது அந்த நாட்டோடு அமெரிக்கா செய்துள்ள ஒப்பந்தத்தையும் வரி விதிகளையும் பொறுத்தது. போவதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, எல்லோரும் பண்றாங்க" என்று சொல்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

கேள்வி: நேர்காணலில் என்ன கேட்பார்கள்? (எம்.எஸ்., ராலே)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அப்போது நானும் இருந்தேன். 2005 ஜூன். காலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. பாளையங்கோட்டையில் யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தால், ஜெர்மனியிலிருந்து தலைமையாசிரியர். அங்கே பத்தரை மணி. நைட்டியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து பேசினேன்.

பாடம் பற்றி இரண்டே கேள்விதான். மூன்றாவது இது: "பிப்ரவரி நடுவில் ஒரு புதுப் பையன் வகுப்புக்குள் வருகிறான். இது அவனுக்கு ஆறாவது பள்ளி. என்ன செய்வீர்கள்?" நான் படித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஒரு டெஸ்ட் வைப்பேன் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "முதல் நாளேவா?" என்றார். சட்டென்று உறைத்தது. "இல்லை, முதல் நாள் யார் பக்கத்தில் உட்கார வைப்பது, மதியம் யாரோடு சாப்பிடுவான் என்று பார்ப்பேன். டெஸ்ட் வெள்ளிக்கிழமை" என்றேன். வேலை அதில்தான் கிடைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிப்ரவரி என்று இல்லை, அந்தப் பையன் எல்லா மாதமும் வருவான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு மாற்றல். ஆகஸ்டில் நான் எழுதிய வருகைப் பட்டியலும் ஜூனில் கையில் இருந்ததும் ஒரு வருடம் கூட ஒன்றாக இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் ஒருவன் புத்தகப் பையை மடியிலேயே வைத்திருப்பான். லாக்கரில் வைக்கச் சொன்னால், "இங்கே எவ்வளவு நாள் இருப்போம்னு தெரியலை மேடம்" என்பான். ஒகினாவாவிலிருந்து வந்தவன். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால் எங்களைவிட இரண்டு பாடம் முன்னே இருந்தான். மூன்றாம் நாள் கரும்பலகையில் நான் விட்ட ஒரு மைனஸ் குறியைக் கண்டுபிடித்தான். அன்று மதியம் பை லாக்கருக்குப் போனது.

நேர்காணலுக்கு இந்த மாதிரி உங்கள் அனுபவத்திலிருந்து இரண்டு சம்பவங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஐரோப்பா சுற்றிப் பார்க்க ஆசை" என்பதை மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். அமெரிக்க ராணுவப் பள்ளியில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (கே.பி., கோவை)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. இந்த ஆசிரியர் வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தே ஆக வேண்டும். விண்ணப்பிக்கப் பணமும் கிடையாது. ராணுவச் சூழல்தான் வேண்டும் என்றால் இந்தியாவிலேயே ஆர்மி பப்ளிக் ஸ்கூல்கள் இருக்கின்றன, அதற்குத் தகுதித் தேர்வு நடத்துகிறார்கள். வெளிநாட்டில் அரசுப் பள்ளி வேலை என்றால் கேந்திரிய வித்யாலயாவுக்குக் காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் மூன்று ஊரிலும் பள்ளி உண்டு. ஏற்கெனவே கே.வி.யில் வேலை பார்ப்பவர்களைத்தான் அனுப்புவார்கள். முதலில் உள்ளே போங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இப்படிப் பள்ளிகள் உண்டா? (எஸ்.டி., ஹாரோ)

பதில்: உண்டு. சைப்ரஸிலும் புரூனேயிலும் இருக்கின்றன. புரூனேயில் கூர்க்கா படை இருப்பதால் வகுப்பில் நேபாளிப் பிள்ளைகள் நிறைய. இங்கிலாந்தின் தகுதி பெற்ற ஆசிரியர் நிலை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி: வீடு, சாப்பாடு எல்லாம் எப்படி டீச்சர்? இட்லி கிடைக்குமா? (ஜி.எல்., எடிசன்)

பதில்: எடிசனில் தெருவுக்கு ஒரு சரவண பவன் மாதிரி வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள், இந்தக் கேள்வி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் ஒரு கிராமத்தில் முதல் வீடு பார்த்தபோது, வீட்டுக்காரம்மா ஓர் அறையைத் திறந்து "சமையலறை" என்றார். உள்ளே சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு, சிங்க், அலமாரி எதுவுமே இல்லை. அங்கே குடியிருப்பவர் காலி செய்யும்போது சமையலறையையே கழற்றிக்கொண்டு போவது சாதாரணம். அடுத்து பார்க்கிற வீட்டில் "சமையலறை உண்டா?" என்று மறக்காமல் கேளுங்கள். துணி வைக்க அலமாரியும் சுவரோடு இருக்காது. பேஸிலேயே, அதாவது படைத்தளத்திலேயே, மர அலமாரி, பிரிட்ஜ் எல்லாம் இரவல் தருவார்கள். பேஸில் உள்ள கமிசரி என்கிற மளிகைக் கடையில் அமெரிக்கச் சாமான் மொத்தமும் கிடைக்கும், உளுந்து கிடைக்காது. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் இலங்கைத் தமிழர் கடைகள்தான் கதி. ஜெர்மனியின் ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், டிக்கியை நிரப்பிக்கொண்டு வருவேன்.

ஆனால் ஒன்று. நார்த் கரோலைனாவில் பரணில் கிடந்த கோயம்புத்தூர் கிரைண்டருக்கு ஜெர்மனியில்தான் உயிர் வந்தது. நம் ஊர் மாதிரியே 230 வோல்ட். பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். ஏழு வருடம் ஓடியது. 2012-ல் ஒகினாவாவுக்கு மாற்றல் வந்தபோது அங்கே 100 வோல்ட் என்றார்கள். கிரைண்டரை ஹாமில் ஓர் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். போன தீபாவளிக்கு அவர் வீடியோ காலில் காட்டினார். பெல்ட் மட்டும் மாற்றியிருக்கிறாராம்.